பிள்ளைப்பாக்கத்தில் கடல்

— சத்தியமா சொல்றேன் ஜயாம்மா. நான் சொல்லப்போறதுல ஒரு வார்த்த பொய்யினா, வாயில மிச்சம் கீற நாலு பல்லும் இதோ உங்க மேஜ மேலயே வுழட்டும்.

— பல்லெல்லாம் எனக்கு எதுக்கு பாண்டுரங்கன்? நம்ம டிராவல்ஸ் வண்டி எதுக்காகப் பிள்ளைப்பாக்கம் ஏரிக்குள்ள நிக்கறது, அதைச் சொல்லுங்கோ.

— நிக்கலம்மா. மொதல்ல மிதந்துச்சு. அப்பாலதான் நின்னுச்சு.

— ஏரிக்கரையில ஆடு மேய்க்கிற அம்சவல்லி காலம்பற போன் பண்றா. "உன் வண்டி மேல ஒரு கொக்கு குந்திக்கினு கீதும்மா, உன்னுதா"ன்னு கேக்கறா. வண்டியைக் கேட்டாளா, கொக்கைக் கேட்டாளான்னு எனக்கே தெரியலை.

— கொக்கு நம்முது இல்லம்மா.

— உச்சிமாகாளி, நீங்க ஏன் கதவுக்குப் பின்னாடி நிக்கறேள்? முன்னாடி வாங்கோ. நீங்களும் அந்த வண்டியிலதானே இருந்தேள்?

— ஆமா மேடம். ரெண்டாவது டிரைவர்னு என்னையும் அண்ணாச்சி கூட்டிட்டுப் போனாவ. நான் திருநவேலிக்காரன், எனக்குப் பொய் சொல்ல வராது. அண்ணாச்சி என்ன சொல்லுதாவளோ, அதான் நடந்தது.

— அவர் இன்னும் ஒண்ணும் சொல்லலையே.

— சொல்லப்போறாவல்லா, அதைத்தான் சொல்லுதேன்.

— ரெண்டு பேரும் நன்னா கேட்டுக்கோங்கோ. எங்காத்து மனுஷா எல்லாம் கோவில் கைங்கர்யம். நான் ஒருத்திதான் ஆறு வண்டியை வெச்சுண்டு அல்லாடறேன். அந்த ஆறுல ஒண்ணு இப்ப தண்ணியில இருக்கு. நீங்க சொல்ற பதிலைப் பொறுத்துதான் உங்க ரெண்டு பேருக்கும் இனிமே இங்கே வேலை. ஆரம்பிங்கோ பாண்டுரங்கன்.

— எல்லாம் அந்த டச்சுக்காரராலதாம்மா.

— எந்த டச்சுக்காரர்?

— இன்னாம்மா இப்டி கேக்கறீங்க? ஒரகடம் ஓட்டல்லேர்ந்து புக் பண்ணாங்களே. ஏர்போர்ட்டுல ஏத்திக்கினு நேரா சட்ராஸ் போயி, டச்சுக்காரன் கோட்ட, டச்சுக்காரன் கல்லற, கடலு, எல்லாம் சுத்திக் காட்டிட்டு சாயந்திரம் ஓட்டல்ல வுடணும்னு நீங்கதானே டூட்டி போட்டீங்க. பேரு 'வான்'னு ஆரம்பிக்கும். அப்பால முடியறதேயில்ல.

— ஓ. அவரை நேத்து ஏத்திண்டு வந்தேள்.

— நேத்துதாம்மா. அட்டய தூக்கிப் புடிச்சுக்கினு நின்னேன். ஆளு எட்டடி. வண்டில குந்தினா தல கூரைல இடிக்குது.

— எட்டடின்னா மேடம் நம்ப மாட்டாவ அண்ணாச்சி. ஏழுன்னு வச்சிக்கிடுங்க.

— சரி, ஏழாவே இருக்கட்டும். சட்ராஸ் போகவேண்டிய வண்டி எப்படி இந்தப் பக்கம் வந்தது?

— அது என் தப்பு இல்லம்மா, என் கைத் தப்பு. எத்தினி வருசமா ஏர்போர்ட்டுல ஃபாரின்காரனா ஏத்திக்கினு கீறேன். ஜப்பான்காரன், கொரியாக்காரன், ஜெர்மன்காரன். ஒர்த்தனாச்சும் வேற எங்கனா போயிருக்கானா? அல்லாரும் ஒரகடம் கம்பெனிங்களுக்குத்தான். மூஞ்சிய பாத்தா போதும், எங்கனு நான் கேக்கறதேயில்ல. சட்ராஸ்னா வண்டலூர்ல நேரா வுடணும். கண்ணாடில ஃபாரின் மூஞ்சி தெரிஞ்சுச்சா, ஸ்டீரிங்கு தானா ரைட்டுல சாஞ்சிடுச்சு. படப்பைல டீ குடிச்சப்பகூட ஒறைக்கல.

— எப்போ உறைச்சது?

— வல்லம் வடகால்ல, ஒரு கம்பெனி கேட்டுல. செக்யூரிட்டி சல்யூட் அடிச்சான். கண்ணாடி வச்ச குச்சிய வண்டிக்கடில வுட்டுப் பாத்தான். விசிட்டர் அட்டய இவரு கழுத்துல மாட்டினான். அப்போ இவரு என்னாண்ட திரும்பி, "ஃபோர்ட்?"னு கேட்டாரு.

— நீங்க?

— "யெஸ் சார்"னேன். வேற இன்னா சொல்றது? அங்கேர்ந்து சட்ராஸ்னா செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் எல்லாம் தாண்டிப் போணும். போயி சேர்றதுக்குள்ள பொழுது சாஞ்சிடும். தப்பா கூட்டியாந்துட்டேன்னு சொன்னா அவரு ஓட்டலுக்கு எழுதுவாரு. ஓட்டல்காரன் உங்க சீட்ட கிழிப்பான். நீங்க எங்க சீட்ட கிழிப்பீங்க. அத்தினி சீட்டு எதுக்கு வேஸ்டா கிழியணும்னு, ஊர இங்கியே வரவழைச்சிட்டேன்.

— ஊரை வரவழைச்சேள்.

— ஆமாம்மா. அவரு கையில ஒரு பேப்பர் வச்சிருந்தாரு. இந்த ஊருக்குப் போனா இது இது பாக்கணும்னு. கோட்ட, பீரங்கி, கல்லற, துறைமுகம், மீன் சாப்பாடு, கடல்ல போட்டு சவாரி. இதுல இன்னாம்மா நம்மகிட்ட இல்ல?

— கடல்.

— அதுக்கு வர்றேன். மொதல்ல கோட்ட. வடகால்ல பாதில நின்னுபோன கம்பெனி ஒண்ணு கீதே, சுவரு மட்டும் எழுப்பிட்டு ஓனர் ஓடிட்டான்னு சொல்வாங்களே, அங்க வுட்டேன் வண்டிய. சுத்திலும் சுவரு. மேல கூரை இல்ல. உள்ள முள்ளுச்செடி. அவரு வாயப் பொளந்துட்டாரு. "கூரைய யாரு இடிச்சா?"னாரு. "இங்கிலீஷ்காரன் பீரங்கி வச்சு அடிச்சான் சார்"னேன். "எப்போ?"னாரு.

— எப்போன்னு சொன்னேள்?

— நான் யோசிக்கறதுக்குள்ள இந்தக் காளி, "லாஸ்ட் இயர்"னுட்டான்.

— எனக்கு அந்த அளவுக்குத்தான் இங்கிலீஷ் வரும் மேடம்.

— அதுக்கு அவர் என்ன சொன்னார்?

— "இன்னுமா சண்ட நடக்குது?"னு பயந்து ஹெல்மெட் கேட்டாரு. வண்டில இருந்த மஞ்ச ஹெல்மெட்ட குடுத்தேன். அத்த மாட்டிக்கினுதான் மிச்ச ஊரெல்லாம் பாத்தாரு.

— பீரங்கி?

— சிமெண்ட்டு குழாய்மா. மழத்தண்ணி போக பொதைக்கறதுக்குனு ரோட்டோரம் போட்டு வச்சிருக்காங்களே. உள்ள ஒரு நாய் குட்டி போட்டிருந்துச்சு. "பீரங்கிக்குள்ள ஏன் நாய்?"னாரு. "குண்டு தீந்துபோச்சு சார்"னேன்.

— கல்லறை எங்கேர்ந்து கிடைச்சது? அதையும் ரோட்டோரம் போட்டு வெச்சிருந்தாளா?

— வயலெல்லாம் மனை போட்டு மஞ்ச பெயிண்ட்டு அடிச்ச கல்லு நட்டிருக்காங்களே, அதாம்மா. வரிச வரிசயா, ஒரே அளவுல. பாத்தா பொதச்ச எடம் மாரியேதான் கீது. அவரு ஹெல்மெட்ட கழட்டி மார்ல வச்சுக்கினாரு. "யாரு இங்க?"னு கேட்டாரு. அந்த எடத்துலதாம்மா பொய் சொல்ல எனக்கு மனசு வரல.

— உண்மையைச் சொல்லிட்டேளா?

— சொல்லிட்டேன். "பொன்னி"னேன்.

— நெல்லா?

— எங்கப்பா அந்த எடத்துல பொன்னிதானே போடுவாரு. வேற யாரு அங்க பூந்து படுத்துக்கீறா? அவரு கேட்டாரு, சாவும்போது அந்தப் பொண்ணுக்கு இன்னா வயசுனு. "நூத்தி முப்பத்தஞ்சு நாளு"னேன். அப்டியே மண்டி போட்டுட்டாரும்மா. ஏழடி மனுசன். கொழந்தடானு சொல்லி அழுதாரு. நான் இன்னா பண்ணுவேன், எனக்கும் அழுகை வந்துடுச்சு.

— அண்ணாச்சி அழுததை நான் பாத்தேன் மேடம். அது மட்டும் நெசம்.

— மத்ததெல்லாம்?

— மத்ததும் நெசம்தான் மேடம். இது கொஞ்சம் கூடுதல் நெசம்.

— துறைமுகம்னேளே.

— அதுல ஒரு கஷ்டமும் இல்லம்மா. கண்டெய்னர் யார்டுதான் கீதே. மாடி மாடியா பொட்டி அடுக்கி, கிரேனு நிக்குது, லாரிக்காரன் லுங்கி கட்டிக்கினு தூங்கறான். உலகத்துல எந்தத் துறைமுகமும் அப்டித்தான். உசரமா லைட்டு கம்பம் ஒண்ணு நின்னுச்சு, அத்த லைட் ஹவுஸ்னுட்டேன். அங்க வச்சுதான் அவரு, "எல்லாம் சரி, கப்பல் எங்க?"னு கேட்டாரு.

— அதுக்குப் பதில் நாந்தான் சொன்னேன் மேடம். "பி ஷிஃப்ட்ல வரும்"னு.

— நம்பினாரா?

— ரெண்டு மணிக்கு வருமானு வாச்சப் பாத்தாரு. "இன்னிக்கு ஓ.டி. சார், லேட்டாவும்"னு நான் சமாளிச்சேன். அப்பால மீன் சாப்பாடு. மெஸ்ஸுக்குக் கூட்டிக்கினு போனேன். ஏரில புடிச்ச ஜிலேபி மீனு, நல்லா முறுவலா வறுத்துப் போட்டாங்க. அவரு பக்கத்துல குந்தினவங்களயெல்லாம் விசாரிக்கறாரு, நீ இந்த ஊரானு. ஒர்த்தன் ஒடிசான்றான். ஒர்த்தன் பீகார்ன்றான். ஒர்த்தன் அஸ்ஸாம்ன்றான். காளிய கேட்டா, திருநவேலின்றான். ஊர்க்காரன் எங்கனு கேட்டாரு. நான் ஒர்த்தன்தான் கைய தூக்கினேன். "துறைமுகப் பட்டணம்னா அப்டித்தான் சார், நாலு தேசத்துக்காரனும் வந்து போவான்"னேன். தலைய ஆட்டி ஆட்டி எழுதிக்கினாரு. நான் சொன்னதுலேயே அத்தத்தான் ரொம்ப நம்பினாரு.

— பாண்டுரங்கன், கொஞ்சம் நிறுத்துங்கோ. ஒண்ணு கேக்கறேன். போன மாசம் வாசுதேவ் ஒரு கெஸ்ட்டை நிஜ சட்ராஸுக்கே கூட்டிண்டு போனானே, ஞாபகம் இருக்கா?

— இருக்கும்மா. பொறுப்பான புள்ள. வழி தவறமாட்டான், வாயும் தெறக்கமாட்டான்.

— அந்த கெஸ்ட் ஓட்டல்ல என்ன எழுதிக் கொடுத்தார் தெரியுமா? "சுவர். வெயில். ஒரு ஆடு." அவ்வளவுதான். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, இன்னொரு கெஸ்ட் இப்படி மூஞ்சியைத் தொங்கப் போட்டுண்டு வந்தா வேற டிராவல்ஸைப் பார்த்துக்கறேன்னுட்டார். அந்த ஓட்டல் போனா மிச்ச அஞ்சு வண்டியையும் நானே ஏரியில தள்ளிட வேண்டியதுதான்.

— ஆட்ட பத்தி வாசு ஒண்ணுமே சொல்லலியா?

— ஆட்டைப் பத்திச் சொல்ல என்ன இருக்கு?

— இன்னாம்மா, அந்த ஆட்டுக்கிட்டேர்ந்துதானே ஆரம்பிக்கணும். "சார், டச்சுக்காரன் கப்பல்ல வரச்சொல்லோ பாலுக்குனு ஒரு ஆடு எடுத்தாந்தான். இங்கிலீஷ்காரன் கோட்டைய புடிச்சப்போ கேப்டன், சிப்பாயி, சமையக்காரன் அல்லாரும் சரண்டர். ஆடு மட்டும் சரண்டர் ஆவல. இன்னிக்கி வரைக்கும் அதும் வம்சம்தான் கோட்டைக்கு டூட்டி பாக்குது. நாம உள்ள போனா அது எழுந்து நிக்காது. திமிருனு நெனைக்காதீங்க, நாம இன்னும் அதுங்கிட்ட பர்மிஷன் வாங்கல." இப்டி சொன்னா அவரு ஆட்டுக்கு சல்யூட் அடிச்சிட்டு இல்ல உள்ள போவாரு?

— க்… க்கும்…

— சிரிக்கறீங்களாம்மா?

— இல்லை. இருமல். மேல சொல்லுங்கோ. கடலுக்கு வாங்கோ.

— கடலு. பிள்ளைப்பாக்கம் ஏரி ரொம்பி கீது இல்ல இப்போ? அக்கர தெரியுது, ஆனா கண்ண கொஞ்சம் இடுக்கிக்கினா தெரியாது. அவரு கண்ணாடி போடற ஆளு. தொடைச்சுத் தர்றேன்னு நான் வாங்கி ஜோபில போட்டுக்கினேன்.

— இது எனக்குத் தெரியாதே அண்ணாச்சி.

— உனுக்கு எங்கடா தெரியும், நீதான் உப்பு வாங்க போய்ட்டியே.

— உப்பா?

— ஆமா மேடம். கடல்னா கையில அள்ளி வாயில வச்சுப் பாப்பாவல்லா. அதுக்காவ நான் மண்ணூர் கடையில உப்பு வாங்கிட்டு வந்து கரையோரமா கரைச்சு விட்டேன்.

— தூள் உப்பா, கல் உப்பா?

— கல்லுப்பு மேடம். தூளுப்புன்னா இயற்கையா இருக்காதுல்லா.

— அலை?

— ரெண்டு எருமைய உள்ள எறக்கினோம்மா. ஒண்ணு முங்கும், ஒண்ணு எழும். நல்ல அலை. ஒழுங்கா வந்துக்கினு இருந்துச்சு.

— மூணு எருமை மேடம். ஒண்ணு ரிலீவர்.

— சரி. அலையும் வந்தாச்சு, உப்பும் கரைச்சாச்சு. வண்டி ஏன் உள்ளே போச்சு?

— அங்கதாம்மா வெனை. அவரு பேப்பர்ல கடைசி ஐட்டம், கடல்ல போட்டு சவாரி. அவரோட முப்பாட்டன் அந்தக் காலத்துல கப்பல்ல வந்து எறங்கினானாம். கப்பல்லேர்ந்து பாத்தா ஊரு எப்டி தெரிஞ்சிருக்கும்னு பாக்கணும், அதுக்குத்தான் இத்தினி தூரம் வந்தேன்னு கையெடுத்துக் கும்புடறாரு. நான் இன்னாம்மா பண்றது? போட்டு இல்லனு ஒரு வார்த்த சொன்னா, காலைலேர்ந்து கட்டின ஊரு அப்டியே சரிஞ்சிடும். கோட்ட போச்சு, கல்லற போச்சு, அப்பால நாங்க போச்சு.

— அதனால என் வண்டியைக் கப்பலாக்கிட்டேள்.

— கண்ணாடிய ஏத்திட்டு, ஏசிய போட்டுட்டு, மெதுவா வுட்டேம்மா. போச்சு. தண்ணி மேல அப்டி போச்சு. டயர் சுத்துது, வண்டி நவுருது. அவரு பின்னாடி குந்திக்கினு "ஹாலந்து, ஹாலந்து"னு பாட்டு பாடறாரு. மீன் ரெண்டு கண்ணாடிக்கு வெளிய எட்டிப் பாக்குது. அந்தச் சந்தோசத்த நான் யார் மூஞ்சிலயும் பாத்ததில்ல.

— உச்சிமாகாளி, நீங்க வண்டிக்குள்ளே இருந்தேளா?

— நானா மேடம்? நான்… கரையில நின்னு கொடி அசைச்சிட்டு இருந்தேன்.

— என்ன கொடி?

— வண்டி தொடைக்கிற மஞ்சத்துணி மேடம்.

— அதுவும் கரையிலதான் கிடக்கறதாம். அம்சவல்லி வேற சிலதும் சொன்னா. ஒரு பக்கெட் இருக்காம்.

— நங்கூரம்மா. கல்லு ரொப்பி கயிறு கட்டினோம்.

— ஷாம்பூ பாக்கெட் அஞ்சாறு கிழிஞ்சு கிடக்கறதாம்.

— அலைனு இருந்தா நொரை வேணாமா?

— முள்ளுச்செடி மேல ரெண்டு லுங்கி காயறதாம்.

— பாய்மரம். காத்து இல்ல, அதான் அவுத்து வச்சோம்.

— ரெண்டு பிரியாணிப் பொட்டலம், சாப்பிட்டுட்டுப் போட்டது.

— கப்பல்ல போறவன் கட்டுச்சோறு இல்லாம போவானா?

— ரெண்டு பொட்டலம்தான் பாண்டுரங்கன். மூணு பேர்.

— அவருதான் மீன் சாப்ட்டாரே.

— சரி, கடைசியா ஒண்ணு. அம்சவல்லி புருஷன் தண்ணியில இறங்கிப் போய் வண்டிக்குள்ளே எட்டிப் பார்த்திருக்கான். ஹேண்ட் பிரேக் போடவேயில்லைங்கறான். சரிவான கரை. வண்டி தானா உருண்டு போயிருக்குன்னு அவனுக்குத் தோணறதாம்.

— கப்பலுக்கு ஏதும்மா ஹேண்ட் பிரேக்கு?

— மேடம், நான் ஒண்ணு சொல்லிரட்டா? ஊர்ல வீடு கட்டிட்டு இருக்கேன், மேல் தளம் போடாம கெடக்கு. இந்த வேலை போச்சுன்னா அதுவும் கோட்டை மாரி ஆயிரும். நானும் அண்ணாச்சியும் நேத்து காலைல அந்த ஏரிக்கரைக்கு…

— காளி.

— …போயி…

— காளி, கம்முனு இரு. அவன் வூட்ட நெனச்சு கலங்கிக்கீறான்மா. நாக்கு தடுமாறுது. கரைக்குப் போயி கொடி அசைச்சத்த சொல்ல வர்றான்.

— ஆமா மேடம். கொடி அசைச்சேன்.

— அது முன்னாடியே சொல்லிட்டேள். பாண்டுரங்கன், கப்பல் எப்படி மூழ்கித்து?

— அவரு எழுந்து நின்னாரும்மா. அவ்ளோதான். ஏழடி ஆளு ஒரு பக்கமா நின்னா எந்தக் கப்பல் தாங்கும்? சாஞ்சுச்சு, எறங்கிச்சு, நின்னுச்சு. முட்டி ஆழம்தான். கதவ தொறந்துக்கினு ஷூவ கையில புடிச்சுக்கினு நடந்தே கரைக்கு வந்துட்டாரு. முப்பாட்டனும் இப்டித்தான் நடந்து வந்து எறங்கியிருப்பாருனு சொல்லி எங்க ரெண்டு பேரையும் கட்டிப் புடிச்சாரு.

— அப்புறம் ஓட்டல்ல கொண்டு விட்டேளா?

— ஓட்டல் வேணாம்னுட்டாரும்மா. பாக்க வேண்டியதெல்லாம் பாத்தாச்சு, இதுக்கு மேல தங்கினா மனசு கெட்டுடும்னு அப்டியே ஊருக்குக் கெளம்பிட்டாரு. ஷேர் ஆட்டோவுல ஏத்தி வுட்டேன்.

— கம்பெனி பஸ்ல ஏறினாருன்னு சொல்லணும்னு சொன்னியளே அண்ணாச்சி?

— …ஷேர் ஆட்டோவுல ஏறி, அப்பால கம்பெனி பஸ்ல மாறினாரும்மா. தல இடிச்சிருக்கும் பாரு.

— நெதர்லாந்துக்கு.

— ஏர்போர்ட்டு வரைக்கும்மா.

— அவரோட மூக்குக் கண்ணாடி?

— இன்னாம்மா?

— தொடைச்சுத் தர்றேன்னு வாங்கி ஜோபில போட்டுண்டேளே. கொடுத்தேளா?

— …அத்த கேக்கவே மறந்துட்டாரும்மா. அவ்ளோ சந்தோசம்.

— காட்டுங்கோ பார்க்கலாம்.

— ஏரில வுழுந்துடுச்சு. குனிஞ்சு நங்கூரத்த தூக்கச்சொல்லோ.

— எங்கேயுமே மாட்டிக்க மாட்டேங்கறேள்.

— உண்மைய சொல்றவன் எங்கம்மா மாட்டுவான்? அவ்ளோதான். உள்ள ஒண்ணும் பாக்கி வச்சுக்கல, அல்லாத்தையும் கொட்டிட்டேன். வண்டி போனது போனதுதான், ஆனா உங்க கெஸ்ட்டு அழுது, சிரிச்சு, பாட்டு பாடி, மனசு குளுந்து போனாரு. ஓட்டல்காரன் கேட்டா அத்த சொல்லுங்க. இனிமே சீட்ட கிழிக்கறதுனா கிழிங்க, நான் வூட்டுக்குப் போய் சரோஜாகிட்ட எப்டி சொல்றதுனு யோசிக்கணும்.

— அதுக்குமா உங்களுக்கு யோசனை வேணும்? உச்சிமாகாளி, நீங்க ஏரிக்குப் போங்கோ. ஜேசிபிக்காரனை வரச்சொல்லியிருக்கேன். வண்டியை இழுக்கற வரைக்கும் கூட நின்னு, வேற யாரையும் தொட விடாம நீங்களே உள்ளேயும் வெளியேயும் கழுவி எடுத்துண்டு வாங்கோ. ஹேண்ட் பிரேக் போட்டுட்டுக் கழுவுங்கோ.

— அப்ப எனக்கு வேலை இருக்கா மேடம்?

— கழுவி முடிச்சப்புறமும் இருக்கு. போங்கோ.

— நானும் அவங்கூட போறேம்மா. சேறு ஜாஸ்தி இருக்கும்.

— நீங்க இருங்கோ பாண்டுரங்கன். இந்தாங்கோ, அந்தப் புது வெள்ளை வண்டி சாவி. இந்தத் தடவை சட்ராஸுக்கே போங்கோ, நிஜக் கோட்டைக்கு, நிஜக் கடலுக்கு. வண்டலூர்ல கையைக் கட்டிண்டாவது நேரா போங்கோ. அங்கே போய் வாசுதேவ் மாதிரி வாயை மூடிண்டு நிக்காதீங்கோ, என்கிட்ட பேசின வாயிலே பாதி பேசினா போறும். ஆட்டை மறந்துடாதீங்கோ.

— யார கூட்டிக்கினு போணும்மா?

— டச்சுக்காரரைத்தான். அவர் நாளைக்குக் காலம்பறதான் வந்து இறங்கறார்.